இடது மேல் மூலை

அலமாரிக் கதவை மூடும்போது கடைசியில் ஒரு சின்ன 'டக்' கேட்கும். கவனித்திருப்பீர்கள். கதவின் ஓரத்தில் ஒரு குட்டி இரும்புக் குண்டு, அதற்கு அடியில் ஒரு சுருள் வில், ஸ்பிரிங். எதிரே உள்ள குழியில் குண்டு விழுகிறபோதுதான் அந்தச் சத்தம் வரும். நான் செய்த கியர் பெட்டியில் அந்த 'டக்'குக்குத்தான் அதிகம் பாடுபட்டேன். மற்ற வேலையெல்லாம் இரண்டு வாரத்தில் முடிந்தது. 'டக்' மட்டும் ஒன்றரை மாதம் இழுத்துவிட்டது.

என்னை யாரும் பிடித்து வரவில்லை, நானாகத்தான் வந்தேன் என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில் எங்கள் வீட்டுக் கார் கொட்டகையில் என் மனைவி இறந்தாள். காரை ஓட்டியவர் என் சகலை, என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். பின்னால் எடுக்க வேண்டிய காரை முன்னால் எடுத்துவிட்டார். கவனக்குறைவால் உயிரிழப்பு என்று உங்கள் நிலையத்தில்தான் வழக்குப் போட்டீர்கள். வரும் திங்கட்கிழமை தீர்ப்பு. குற்றத்தை அவரே ஒப்புக்கொண்டுவிட்டதால் சிறை நிச்சயம் என்று அவருடைய வக்கீல் சொல்லிவிட்டார். அந்த ஒப்புதலில் ஒரு பிழை இருக்கிறது. எனக்குப் பிழையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வராது.

நான் பாட்டிலில் பானம் அடைக்கிற ஆலையில் ஃபிட்டர். இயந்திரங்களுக்குக் கம்பி வலை மாட்டுவது, கதவு திறந்தால் ஓட்டம் நிற்கும்படி சுவிட்ச் வைப்பது, இதெல்லாம் என் பொறுப்பு. சுருக்கமாகச் சொன்னால் மற்றவர்களின் கை எங்கே போகிறது என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. எட்டு வருடத்துக்கு முன்னால் மூடி போடும் இயந்திரத்தில் பழைய பொத்தான் பலகையை எடுத்துவிட்டுப் புதிது வைத்தார்கள். பழையதில் நிறுத்தும் பொத்தான் இடது பக்கம். புதியதில் வலது பக்கம். எழுத்து கொட்டை கொட்டையாக இருந்தது, நிறத்திலும் குறையில்லை. இருபது வருடம் அங்கே நின்றவர், பதினேழாம் நாள் பாட்டில் சிக்கியபோது, ஒரு கையை உள்ளே விட்டுக்கொண்டு மறு கையால் இடது பொத்தானை அழுத்தினார். இரண்டு விரல் போய்விட்டது. அறிக்கை எழுதியது நான். கண் படித்துவிட்டது, கை இன்னும் படிக்கவில்லை என்று அதில் ஒரு வரி போட்டேன். மேலாளர், இது என்ன கவிதையா என்று கேட்டு அந்த வரியை அடித்துவிட்டார். எனக்கு அது மறக்கவில்லை.

வீடு மாமனார் கட்டியது. கீழே நாங்கள், மாடியில் சகலையும் மைத்துனியும். இரண்டு வீட்டுக்கும் பிள்ளை குட்டி இல்லை. கொட்டகை பொது. ஒரு கார் நுழைகிற அகலம்தான். தரை தெருவைவிடத் தாழ்வு, உள்பக்கமாகச் சரிந்து போகும். மழைத் தண்ணீர் உள்ளே வரும் என்று கொத்தனார் தலைப்பாடாய் அடித்துக்கொண்டாராம், மாமனார் கேட்கவில்லை. காரை மூக்கு உள்ளே இருக்கும்படி விட்டு, காலையில் ரிவர்ஸில் ஏற்றித்தான் தெருவுக்கு எடுக்க வேண்டும். ஏற்றம் என்பதால் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் தாராளமாகவே அழுத்த வேண்டும்.

கார் சகலையுடையது. அவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் பயிற்சியாளர். எனக்கும் கற்றுக்கொடுத்தார். பன்னிரண்டு வகுப்பு. பன்னிரண்டாவதில் ஒரு மேட்டில் வண்டி நின்றுவிட்டது, பின்னால் லாரி. எனக்குக் கை கால் ஓடவில்லை. கியர் குமிழைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அவர் தன் பக்கத்து பிரேக்கை மிதித்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, இறங்கி வந்து, என்னை நகர்ந்து உட்காரச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். அதற்கு மேல் நான் போகவில்லை. லைசென்ஸும் எடுக்கவில்லை.

இதை அவர் அத்தோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். வீட்டுக்கு யார் வந்தாலும் சாப்பாடு முடிந்ததும் அவர் அதை நடித்துக் காட்டுவார். ஒரு கரண்டியை நிமிர்த்தி வைத்து, அதைப் பிடித்தபடி கண்ணை அகல விரித்துக்கொண்டு உட்காருவார். நன்றாகவே நடிப்பார். "லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான், எங்க சகலை கியர் கிட்ட நலம் விசாரிச்சிட்டிருக்காரு" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அவள் அதே மனிதரிடம் மூன்று வாரத்தில் கற்றுக்கொண்டு முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கியவள். ஏழு வருடத்தில் அந்தக் கரண்டியை நான் பத்தொன்பது முறை பார்த்தேன். எண்ணுவது என் பழக்கம், வேறு ஒன்றும் இல்லை.

ஆலையில் மின்வேலை பார்க்கிற ஒருவர்தான் பந்தய விளையாட்டைக் காட்டினார். கணினித் திரை, மேஜையில் மாட்டுகிற ஸ்டீயரிங், காலுக்குப் பெடல்கள். திரையில் உண்மையான பந்தயப் பாதை அப்படியே வரும். அவர் பழைய ஸ்டீயரிங்கையும் பெடலையும் எனக்குக் கொடுத்தார். கியர் மட்டும் அதில் இல்லை, ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இரண்டு பொத்தான்தான். எனக்குக் குமிழைப் பிடித்துப் போடுகிற கியர் வேண்டும். செய்துகொள்ளலாம் என்று முடிவெடுத்தேன். என் மனைவி பின் அறையில் இருந்த தன் தையல் மேஜையை ஒழித்துக் கொடுத்தாள்.

"வீட்டுக்குள்ள எதிர்ல யாரும் வர மாட்டாங்க. தைரியமா ஓட்டுங்க" என்றாள்.

அன்பாகத்தான் சொன்னாள். அவள் மேல் எனக்குக் குறை ஒன்றும் கிடையாது, அன்றும் சரி, இன்றும் சரி. அவள் இல்லாத வீட்டில் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

பெட்டியைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கோப்பில் அதைப் பற்றி ஒன்றரை வரிதான் இருக்கிறது. பன்னிரண்டு மில்லிமீட்டர் கம்பி ஒன்று, அதன் அடியில் எல்லாப் பக்கமும் திரும்புகிற உருண்டை மூட்டு. மேலே ஆறு மில்லிமீட்டர் தகடு, அதில் கம்பி ஓடுவதற்குப் பள்ளங்கள். கம்பியை ஒரு பள்ளத்தின் முனைக்குத் தள்ளினால் அங்கே இருக்கிற குட்டி சுவிட்ச் அமுங்கும், எந்த கியர் என்று கணினிக்குத் தெரிந்துவிடும். முன்னால் போக ஆறு, ரிவர்ஸுக்கு ஒன்று, ஏழு சுவிட்சும் ஆலையில் கழித்துப் போட்டவை. 'டக்'குக்கு அலமாரிக் குண்டு. முதலில் வில் கடினமாக இருந்தது, மேஜையே நகர்ந்தது. பிறகு தளர்ந்துபோனது, குழம்பில் கரண்டி விட்ட மாதிரி இருந்தது. ஒன்பதாவது வில்தான் பொருந்தியது. அன்று நான் தனியாக உட்கார்ந்து ஒரு மணி நேரம் கியர் மட்டும் போட்டுக்கொண்டிருந்தேன். கணினியைப் போடவே இல்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்த மாலைகள் குறைவு.

முதலில் வெட்டிய தகடு நிறைய சாதாரணக் கார்களில் இருக்கிற அமைப்புத்தான். முதல் கியர் இடது மேலே, இரண்டாவது அதன் கீழே, ரிவர்ஸ் வலது கோடியில் கீழே. சகலையின் காரிலும் அப்படியே. அந்தத் தகட்டில் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. இதை அடிக்கோடு போட்டு எழுதுங்கள்.

இரண்டு மாதம் பழகினேன். ஒரே பாதை, பதினாறு வளைவு. இரண்டு நிமிடம் பதினோரு விநாடிக்கு வந்தேன். மின்வேலைக்காரரே அசந்துபோனார். கைகால் நடுக்கம் ஒன்றும் இல்லை, மேட்டில் கூட வண்டி நிற்கவில்லை. ஒரு ஞாயிறு மத்தியானம் சகலையையும் மைத்துனியையும் கூப்பிட்டுக் காட்டினேன். நான் ஓட்டினேன். மைத்துனி கை தட்டினாள். என் மனைவி என் தோளில் கை வைத்தாள். பிறகு சகலை, நான் ஒரு தடவை பார்க்கட்டுமா என்று உட்கார்ந்தார். முதல் சுற்றில் புல்லில் போனார். இரண்டாவதில் சுவரில் முட்டினார். மூன்றாவது சுற்றில் இரண்டு நிமிடம் ஏழு விநாடி.

எழுந்து பெட்டியைத் தட்டிக்கொடுத்தார். "பெட்டி பிரமாதம் சகலை. ஓட்டத்தான் ஆளில்லாம இருந்துச்சு."

என் மனைவி நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். எனக்கு வலித்தது. அதை மறைக்க வேண்டிய அவசியம் இப்போது இல்லை.

மறுநாள் ஆலையில் சாப்பாட்டு இடைவேளையில் இரண்டாவது தகடு வெட்டினேன். அதில் முதல் கியர் இடது கீழே. ரிவர்ஸ் இடது மேலே. இது நான் கண்டுபிடித்தது இல்லை. சில பழைய பந்தயக் கார்களில் அப்படித்தான் இருக்கும், விஷயம் தெரிந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சகலையிடமும் அதைத்தான் சொன்னேன். இனிமேல் அசல் பந்தய முறையில் ஓட்டலாம், உங்கள் கைக்கு இதெல்லாம் ஜுஜுபி என்றேன். அவருக்குப் புதிதாக ஒன்றைக் கற்பது என்றால் சின்னப் பிள்ளை மாதிரி உற்சாகம் வந்துவிடும். அன்று முதல் தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு டாண் என்று இறங்கி வந்தார்.

பயிற்சியாளர் என்றால் நாள் முழுக்க வண்டி ஓட்டுகிறவர் என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அவர் நாள் முழுக்கப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கிறவர். காலுக்கு அடியில் ஒரு பிரேக் உண்டு, கிளச் உண்டு. கியர் போடுவது கற்றுக்கொள்ள வந்தவர். இவருடைய கை மடியில் இருக்கும், வாய்தான் ஓடும். சொந்தக் காரில் காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம், அவர் கியரைத் தொடுவது அவ்வளவுதான். பள்ளி வாசலில் திறந்தவெளி, நேராக விட்டு நேராக எடுப்பார். ஆகவே ரிவர்ஸ் ஒரு நாளைக்கு ஒரே ஒரு தடவை, எங்கள் கொட்டகையில். என் பின் அறையில் ஒரு மாலையில் முப்பது தடவை.

முப்பது எப்படி என்று கேட்பீர்கள். விளையாட்டில் வண்டி எங்கிருந்து கிளம்ப வேண்டும் என்று நாமே வைத்துக்கொள்ளலாம். நான் ஒரு கொட்டகைக்குள் வைத்தேன், மூக்கு சுவரைப் பார்த்தபடி. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முதலில் ரிவர்ஸ் போட்டு வெளியே வந்துதான் பாதைக்குப் போக முடியும். ஒரு ஓட்டம் ஒரே ஒரு சுற்று என்றும் வைத்துவிட்டேன். சுற்று முடிந்தால் மறுபடி கொட்டகை. சகலை இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. "நம்ம வீட்டு கொட்டகை மாதிரியே இருக்கு" என்று சிரித்தார்.

மனிதனுக்கு இரண்டு இடத்தில் இரண்டு பழக்கம் இருக்க முடியும். வீட்டு விளக்கு சுவிட்ச் ஒரு பக்கம், அலுவலக சுவிட்ச் மறு பக்கம், யாரும் குழம்புவதில்லை. இடம் வேறு என்று கைக்குத் தெரியும். ஆகவே இடம் வேறு என்று தெரியாமல் செய்ய வேண்டியிருந்தது. பழைய வண்டிகள் உடைக்கிற இடத்தில் தேடி அவர் காரில் இருக்கிற அதே குமிழை வாங்கினேன். தையல் மேஜையின் காலை வெட்டி, குமிழ் அவர் காரில் எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்துக்கு, எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்துக்குக் கொண்டுவந்தேன். கார் கண்ணாடியில் அவர் தொங்கவிட்டிருக்கிற வாசனை அட்டைகூட ஒன்று வாங்கித் திரைக்கு மேல் மாட்டினேன். என் மனைவி அறையைத் திறந்ததும், வீடே நம்ம கார் வாசனை அடிக்குதே என்றாள்.

கியரின் கடினத்தை அளக்க ஒரு வேலை செய்தேன். பயணப் பெட்டி எடை பார்க்கிற கொக்கித் தராசு இருக்கிறதல்லவா, அதைக் காரின் கியரில் மாட்டி இழுத்துப் பார்த்தேன். தனியாகப் பிடிக்க முடியவில்லை. சகலைதான் வந்து இழுத்துக் கொடுத்தார். நான் எழுதிக்கொள்ள, அவர் எண்ணைப் படித்துச் சொன்னார். மேல்நோக்கித் தள்ளுவதைவிடக் கீழ்நோக்கி இழுப்பது கொஞ்சம் லேசு என்று கண்டுபிடித்தவரும் அவரே. அந்த நுணுக்கம் எனக்குத் தோன்றியிருக்காது. திறமைசாலி, அதை நான் எப்போதும் மறுத்ததில்லை.

அவர் ஓட்டும்போது நான் பின்னால் ஒரு முக்காலியில் உட்கார்ந்து கையைப் பார்ப்பேன். முதல் வாரம் பத்துக்கு எட்டு தடவை கை பழைய இடத்துக்கு, வலது கீழே போனது. அங்கே பள்ளமே இல்லை, தட்டி நிற்கும். அவர் நாக்கைக் கடித்துக்கொண்டு திருத்துவார். நாலாவது வாரம் பாதிக்குப் பாதி. எட்டாவது வாரம் ஒரு தடவைகூடத் தவறவில்லை. பேசிக்கொண்டே போட்டார், திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டே போட்டார், போன் பேசிக்கொண்டு போட்டார். கை தன் பாட்டுக்கு இடது மேல் மூலைக்குப் போய் 'டக்' என்று உட்கார்ந்தது.

நான் வேண்டியதெல்லாம் ஒரு இடி. கொட்டகைச் சுவரில் முன்பக்கமாக ஒரு இடி. விளக்கு உடையும், பம்பர் நசுங்கும், ஓட்டுநர் பயிற்சியாளர் ரிவர்ஸுக்குப் பதில் முதல் கியர் போட்டார் என்று தெருவே பேசும். அடுத்த விருந்தில் கரண்டியை நான் எடுப்பேன். எப்படி நடிக்க வேண்டும் என்றுகூட ஆலைக் குளியலறைக் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்திருந்தேன். எனக்கு அவ்வளவாக நடிப்பு வரவில்லை.

பத்தாவது வாரம் ஒரு காலையில் அது நடந்தது. கார் ஒரு முழம் முன்னால் துள்ளி நின்றது. சுவரில் படவில்லை. சகலை தலையில் தட்டிக்கொண்டு, வலது கீழே போட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டார். பார்த்தது நான் மட்டும். சாயங்காலம் அவரே சொல்லிச் சிரித்தார். உங்க பெட்டி என் கையைக் கெடுத்திடுச்சு சகலை, ரெண்டு நாள் லீவு விடுவோமா என்றார். தூக்கக் கலக்கமாக இருக்கும், பெட்டி என்ன செய்யும் பாவம் என்றேன். அவரும் ஒப்புக்கொண்டு உட்கார்ந்தார். அன்று முப்பத்தாறு ஓட்டம்.

துணி துவைக்கும் இயந்திரத்தைப் பற்றி நீங்கள் இரண்டாம் தடவை கேட்கிறீர்கள். முன்பு அது குளியலறையில் இருந்தது. அதை வைத்தால் கதவு பாதிதான் திறக்கும். கொட்டகைக்கு மாற்றிக் கொடுங்கள் என்று என் மனைவி வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். கொட்டகையின் கோடிச் சுவரில் குழாய் இருக்கிறது, தண்ணீர் போக வழி இருக்கிறது. அந்த வாரம்தான் எனக்கு நேரம் கிடைத்தது. பதினொன்றாவது வாரம். நீங்கள் எழுதுகிற விதத்தைப் பார்த்தால் வேறு ஏதோ அர்த்தம் வருகிறது. வீட்டு வேலை என்று ஒன்று இருக்கிறது ஐயா, கேட்டால் செய்துகொடுக்கத்தான் வேண்டும்.

ஆமாம், இயந்திரத்துக்கும் கார் மூக்குக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கிற இடம்தான். ஆமாம், அவள் காலை எட்டு மணிக்குத் துணி போடுவாள். சகலை எட்டு மணிக்குக் கிளம்புவார். கார் கிளம்பும்போது அவள் நகரமாட்டாள். ஏன் நகர வேண்டும்? கார் பின்னால்தானே போகப் போகிறது. அந்தக் கொட்டகையில் எந்தக் காலத்திலும் கார் முன்னால் கிளம்பியதில்லை. அவள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றபடியே, போயிட்டு வாங்க தம்பி என்பாள். ஒன்பது நாள் அப்படி நடந்தது. நான் சமையலறையிலிருந்து கொட்டகைக்குப் போகிற சின்னக் கதவில் தேநீரோடு நின்று பார்த்தேன்.

பத்தாம் நாள் அவர் பள்ளியிலிருந்து போன் வந்தது. யாரோ தேர்வுக்கு வந்து காத்திருக்கிறார்களாம். தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, இதோ வந்துட்டேன் என்றபடி காரைக் கிளப்பினார். கார்க் கண்ணாடி இறக்கியிருந்தது, கை எனக்கு நன்றாகத் தெரிந்தது. குமிழைப் பார்க்கவில்லை. திரும்பித் தெருவைப் பார்த்தபடி கியரைப் போட்டார், ஏற்றத்துக்கு அழுத்துகிற மாதிரி அழுத்தினார். அவ்வளவுதான். மற்றது உங்கள் கோப்பில் இருக்கிறது, மருத்துவர் சரியாகவே எழுதியிருக்கிறார். நான் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு ஓடினேன். அவளைத் தூக்கியது நான்தான். என் பெயரைச் சொல்ல வந்தாள், முடியவில்லை.

சகலை அதற்குப் பிறகு வண்டி தொடவில்லை. பள்ளி வேலையை விட்டுவிட்டார். மைத்துனி அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள், அக்காவைக் கொன்றவர் முகத்தில் எப்படி விழிப்பது என்று கேட்டாள். எனக்கு மட்டும் மூன்று வேளையும் சாப்பாடு இறங்கி வரும். நான் தட்டைக் கழுவித்தான் அனுப்புவேன். ஒரு நாள் அவர் என் அறைக்கு வந்து, கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் அழுதார்.

"பன்னெண்டு வருஷமா ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுத்தேன். என் கை எனக்குச் சொந்தமில்லாம போயிடுச்சு சகலை."

யாருக்கும் வருகிற தடுமாற்றம்தான் என்று ஆறுதல் சொன்னேன்.

நான் இங்கே வந்ததற்குக் காரணம் போன வாரம் கோர்ட்டில் நடந்தது. வாகனத்தை ஆய்வு செய்து சாட்சி சொல்ல வந்த அதிகாரி கெட்டிக்காரர். வீட்டில் கியர் பெட்டி ஒன்று இருந்ததாமே, அதன் அமைப்பு மாறியிருந்ததாமே, அந்தப் பழக்கம் கையைக் குழப்பியிருக்கலாம் அல்லவா என்று கேட்டார். சகலையின் வக்கீலுக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஆமாம் என்று சொல்லியிருந்தால் தண்டனை பாதியாகக் குறைந்திருக்கும். சகலை எழுந்து நின்றார்.

"அதெல்லாம் இல்லீங்க. எங்க சகலை ஆசையா செஞ்ச விளையாட்டுச் சாமான் அது. பொண்டாட்டியப் பறிகொடுத்துட்டு நிக்கறாரு, அவர் மேல இதையும் ஏத்தாதீங்க. தப்பு என் கையோடது."

கூட்டத்தில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்காக அவர் அப்படிச் சொன்னார் என்று எல்லோரும் பேசினார்கள். நானும் அதைப் புரிந்துகொள்ள முயன்றேன். மூன்று நாள் முயன்றேன். விளையாட்டுச் சாமான் என்றார் ஐயா. ஒன்பது வில் மாற்றியிருக்கிறேன். கடினத்தைக் கிராம் கணக்கில் ஒப்பிட்டிருக்கிறேன். பன்னிரண்டு வருடம் பழகிய ஒரு கையைப் பன்னிரண்டு வாரத்தில் திருப்பியிருக்கிறேன். அதையும் அவரே தன் பேரில் எழுதிக்கொள்கிறார். அவர் கை ஒரு தப்பும் செய்யவில்லை. நான் வெட்டிக் கொடுத்த வழியில், நான் சொல்லிக் கொடுத்தபடி, ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் போனது. வாகன அதிகாரியை அழைத்து அந்தத் தகடு இரண்டையும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். பின் அறைப் பரணில் துணி சுற்றி வைத்திருக்கிறேன், துருப்பிடிக்காமல் எண்ணெய் தடவியிருக்கிறது.

இப்போது நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பதற்குப் பதில் சொல்கிறேன். மறைக்க நினைத்தால் நான் வந்திருக்கவே மாட்டேன். ஆமாம், கை கிளம்பியபோதே எனக்குத் தெரிந்தது, எந்தப் பக்கம் கிளம்புகிறது என்று. 'டக்' விழுந்த பிறகும் அவர் உடனே கிளச்சை விடவில்லை. போனில் இருந்தவரிடம் இன்னொரு வார்த்தை சொன்னார். இரண்டு விநாடி இருக்கும். அவள் குனிந்து துணியைத் திணித்துக்கொண்டிருந்தாள், என் சட்டைதான் அது. சகலை என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் அவர் திரும்பியிருப்பார், கை நின்றிருக்கும், அவள் துணியைப் போட்டு முடித்து உள்ளே வந்து எனக்கு இன்னொரு தேநீர் ஊற்றியிருப்பாள். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் கூப்பிட்டிருந்தால், நான் செய்த பெட்டி வேலை செய்கிறதா இல்லையா என்று எனக்குக் கடைசிவரை தெரியாமலே போயிருக்கும்.